நத்தை ஓட்டில் ஓட்டை விழுந்தால்: பசைக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

முட்டையிட மேலே ஏறிய என் மிஸ்டரி நத்தை (மீன்தொட்டியில் வளர்க்கிற ஒரு நன்னீர் நத்தை), தொட்டி மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து டைல்ஸ் தரையில் விழுந்துவிட்டது. ஓட்டின் பெரிய சுற்றில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. உள்ளே ஈரமான சாம்பல் நிறச் சதை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உயிர் இருக்கிறது என்றே நம்பினேன். இப்போது அது நன்றாக இருக்கிறது. அதே நிலையில் தவிக்கிறவர்களுக்காக, செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் காயத்தைப் பாருங்கள்

ஓட்டின் வாயோரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் எதுவும் ஒட்ட வேண்டாம். ஓடு வளர்வதே அந்த விளிம்பில்தான், தானாகச் சரியாகிவிடும். மெல்லிய விரிசலையும் விட்டுவிடலாம். சதை வெளியே தெரிகிற ஓட்டைக்கு மட்டும்தான் ஒட்டு வேண்டும். நத்தை தன் ஓட்டு வாயை மூடும் தட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு நாள் அசையாமல் கிடந்தாலும் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். செத்திருந்தால் நாற்றமே சொல்லிவிடும்.

ஒட்டுப் போடுவது

தேவையானவை: ஒரு கோழிமுட்டை, காது குடையும் பட்ஸ், டிஷ்யூ, ஃபெவிக்விக் மாதிரியான சயனோஅக்ரிலேட் பசை. பசை ஜெல் வகையாகவே இருக்கட்டும். தண்ணீர் போல ஓடுகிற வகை ஓட்டை வழியாக உள்ளே இறங்கிச் சதையில் ஒட்டிக்கொள்ளும், அதை நான் கையிலேயே எடுக்க மாட்டேன்.

முட்டை ஓட்டின் உள்ளே ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும். அகன்ற முனையில் காற்றுப் பை இருக்கிற இடத்திலிருந்து உரித்தால் பெரிய துண்டாக வரும். கழுவி, ஓட்டையை விட எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, ஈரம் வடிய விடுங்கள்.

நான் முதலில் ஒட்டியது மறுநாள் காலையில் தண்ணீரில் மிதந்தது. காரணம் ஓட்டின் மேல் இருந்த வழவழப்பு. கண்ணுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், விரல் வைத்தால் வழுக்கும். அதனால் நத்தையை ஈர டிஷ்யூ மேல் ஓட்டை மேல்பக்கம் வருகிற மாதிரி வைத்து, அது உள்ளே இழுத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, ஓட்டையைச் சுற்றி உள்ள ஓட்டுப் பகுதியை மட்டும் பட்ஸால் நான்கைந்து முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புது பட்ஸ். சதையைத் தொடவே கூடாது. அப்புறம் பசையை ஓட்டில் தடவாமல் சவ்வின் ஓரத்தில் மட்டும் தடவி, மெல்ல வைத்து அழுத்துங்கள். 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். மிஸ்டரி நத்தைக்குச் செவுளோடு நுரையீரலும் உண்டு, அடியில் ஈரம் இருந்தால் அந்த நேரம் வெளியே இருப்பது அதற்குச் சிரமமில்லை.

பிறகு மீன் இல்லாத தனிப் பெட்டியில் விடுங்கள். மீன்களுக்கான மருந்து எதையும் ஊற்ற வேண்டாம், பலவற்றில் தாமிரம் இருக்கும், அது நத்தையைக் கொன்றுவிடும்.

தண்ணீர்

ஒட்டு வெறும் கவசம்தான். புது ஓட்டுப் பகுதியை உள்ளிருந்து கட்டுவது மேன்டில் என்கிற சதைப் போர்வை, அதற்குக் கால்சியம் வேண்டும். சுத்தமாக இருக்கட்டும் என்று நான் மாதக்கணக்கில் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றியிருக்கிறேன். சோதித்துப் பார்த்தால் ஜிஹெச் (தண்ணீரின் கடினத்தன்மை) 2, பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 6.4. ஓடு கால்சியம் கார்பனேட், பிஹெச் 7-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும். தரையில் விழுந்ததும் அவ்வளவு எளிதாக உடைந்தது அதனால்தான்.

சோதிக்கச் சொட்டு கிட் வாங்குங்கள். காகிதப் பட்டை எனக்குப் பிடிக்காது, நிறம் இதா அதா என்று குழம்ப வைக்கும். ஜிஹெச் 8-க்கு மேல், பிஹெச் 7.5 பக்கம் இருந்தால் போதும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் நல்ல கடினம், ஆர்ஓவோடு பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம் மாற்றினேன். ஒரே நாளில் ஏற்றாதீர்கள்.

கூடவே ஒரு துண்டு கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும், பொடியாக இல்லாமல் முழுசாகக் கேளுங்கள். நத்தை நேராக அதையே சுரண்டித் தின்னும். சாப்பாட்டுக்கு வேகவைத்த பீர்க்கங்காய், பீன்ஸ். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை

கணவாய் ஓடு மிதக்கிறது, நத்தை கண்டுகொள்ளவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நூலால் ஒரு கூழாங்கல்லோடு கட்டிப் போடுங்கள்.

மூன்று வாரத்தில் ஒட்டு கழன்றுவிட்டது என்று பயந்து இன்னொருவர் கேட்டிருந்தார். என்னுடையதும் கழன்றது. அடியில் வெங்காயத் தோல் மாதிரி கண்ணாடியாக ஒரு படலம் இருந்தால் திரும்ப ஒட்ட வேண்டாம். அது நாளடைவில் வெளுத்துக் கெட்டியாகும். பழைய நிறம் அங்கே திரும்பாது, என் நத்தையின் முதுகில் அந்த வெள்ளைத் திட்டு இன்னும் இருக்கிறது.