ட்ரெய்னிங் பிளேன் இறங்கறப்போ விழுந்துட்டா, பக்கத்துல இருக்கிறவங்க என்ன செய்யணும்

நான் தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் மெரேபேங்க்ல வளர்ந்தவன், பழைய டர்பன் ஏர்போர்ட் எங்க வீட்டுக்கு அந்தப் பக்கம்தான். 2010 மே மாசத்துல பாசஞ்சர் பிளேன் எல்லாம் கிங் ஷாக்காங்கிற புது ஏர்போர்ட்டுக்குப் போயிருச்சு, பழைய இடத்துல இன்னும் ஏர்ஃபோர்ஸ் இருக்கு. லாங்கபான்வெக் ஏர்ஃபோர்ஸ் தளத்துல பிலாட்டஸ்ங்கிற ட்ரெய்னிங் பிளேன் ஓட்டிக் கத்துக்கிறதும் மக்காடோ தளத்துல ஹாக்ங்கிற ட்ரெய்னிங் ஜெட் ஓட்டிப் பழகறதும் எல்லாம் சின்ன வயசுப் புள்ளைங்க, யார் வீட்டுப் புள்ளையாவும் இருக்கலாம்.

இறங்கற நேரம்தான் ஆபத்து, ஏன்னா ஸ்பீடும் கம்மி, உயரமும் கம்மி. ரன்வேக்கு நேரா வர்றதுக்குக் கடைசியா ஒரு திருப்பம் இருக்கு, அதுல உயரம் குறையாம 60 டிகிரி சாய்ச்சுத் திருப்பினா ஸ்டால் ஆகிற ஸ்பீடு, அதாவது எந்த ஸ்பீடுக்குக் கீழ போனா றெக்கையால பிளேனைத் தூக்கி வச்சிருக்க முடியாதோ அது, 40 சதவீதத்துக்கு மேல ஏறிடும், ஸ்பீடு அதுக்குக் கீழ இருந்தா ஒரு பக்க றெக்கை டக்குனு கீழ போயிரும், சமாளிக்க கீழ இடம் இருக்காது.

விழுந்ததைப் பார்த்தா உடனே செல்ஃபோன்ல 112 அடிங்க, போலீஸுக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177. எந்த ரோடு, எந்த ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) பக்கம்னு தெளிவா சொல்லுங்க. ஃபயர் எஞ்சின் வர்ற வழியில உங்க பக்கியை (பிக்கப் வண்டியை) நிறுத்திடாதீங்க.

கிட்ட ஓடணும்னு மனசு துடிக்கும், எனக்கும் துடிக்கும், ஆனா ஓடாதீங்க. ஹாக் மாதிரி ஜெட்ல பைலட்டை வெளிய தூக்கி எறியற சீட்டுக்கு அடியில ராக்கெட் இருக்கு, மேல இருக்கிற கண்ணாடியை உடைக்கிறதுக்கும் வெடி வச்சிருப்பாங்க, பிளேன் விழுந்த பிறகும் அது வெடிக்காம அப்படியே கிடக்கலாம். சிவப்பு முக்கோணம், மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட கைப்பிடி கண்ணுல பட்டா தொடவே கூடாது. புகை வந்தா காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதோ அந்தப் பக்கமா விலகி நில்லுங்க, எரியற பாகத்துல இருந்து வர்ற தூசு நுரையீரலுக்கு ஆகாது. பைலட் பாராசூட்ல தனியா வந்து விழுந்திருந்தா, அங்க தீ இல்லைனா பக்கத்துல போய்ப் பேச்சு குடுங்க, ஆனா தூக்கி உக்கார வைக்காதீங்க, ஹெல்மெட்டையும் கழட்டாதீங்க, சீட் தூக்கி எறியற வேகத்துலயே முதுகெலும்பு உடையறது உண்டு.

உயிர் போயிருந்தா ஃபோட்டோவை யாருக்கும் அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு. ஆபீசர் வீட்டு வாசலுக்கு வந்து சொல்றதுக்கு முன்னாடி பெத்தவ ஃபோன்ல அந்தப் படம் வந்து நிக்கக் கூடாது, அதைவிடக் கொடுமை ஒண்ணும் இல்ல.

அடுத்தது, பக்கத்து வீட்டு அக்காகிட்ட பேசறதுக்கு முன்னாடி நீங்க பார்த்ததை எழுதி வச்சிருங்க, பேசப் பேச அவங்க பார்த்தது உங்க ஞாபகத்துல கலந்துரும். சக்கரம் வெளிய வந்திருந்துச்சா, எஞ்சின் சத்தம் கேட்டுச்சா நின்னுச்சா, பறவைக் கூட்டம் இருந்துச்சா, எந்த றெக்கை முதல்ல சாஞ்சது, நேரம் என்ன, இவ்வளவுதான், காரணம் என்னன்னு நீங்க யோசிக்க வேண்டாம். ராணுவ விபத்தை ராணுவமே போர்ட் ஆஃப் இன்குவயரி வச்சு விசாரிக்கும், கேட்டு வந்தா அந்தப் பேப்பரைக் குடுங்க. வீடியோ எடுத்திருந்தா வாட்ஸ்அப்ல அனுப்பாம ஃபோனையே கொண்டுபோய்க் காட்டுங்க, அனுப்பினா குவாலிட்டி குறையும், எடுத்த நேரமும் அதுல இருக்காது.