பிச்சி & மல்லி: இணையச் செயலியில் சிறப்புக் குறிகளைக் கையாளும் முறை

தோவாளை பூ வியாபாரத்துக்கு ஒரு இணையதளம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேடல் பெட்டியில் ஒருவர் ‘பிச்சி & மல்லி’ என்று தட்டுகிறார். அதை அப்படியே யூஆர்எல்லில் (இணைய முகவரியில்) ஒட்டினால்:

?பூ=பிச்சி & மல்லி&ஊர்=தோவாளை

யூஆர்எல்லில் & வந்தால் ஒரு விவரம் முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். ஆகவே ‘பூ’வுக்குப் பிச்சி மட்டும் கிடைக்கும், மல்லி மதிப்பே இல்லாத தனி விவரமாகத் தொங்கும். பிழைச் செய்தியும் வராது, அதுதான் ஆபத்து. மதிப்பை மட்டும் தனியாக என்கோட் செய்து, அதாவது சிறப்புக் குறிகளை % வடிவத்துக்கு மாற்றி, ஒட்டுங்கள்:

?பூ=பிச்சி%20%26%20மல்லி&ஊர்=தோவாளை

ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு உரியது ‘என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்’. ‘என்கோட்யூஆர்ஐ’ முழு முகவரிக்கானது; &, #, ? மூன்றையும் அது தொடாது.

வாசிக்க வசதியாக மேலே தமிழை அப்படியே விட்டிருக்கிறோம். உண்மையில் அதுவும் மாறும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து 3 இடம் பிடிக்கும். ‘நாகர்கோவில்’ 11 யூனிகோட் குறி, 33 பைட், யூஆர்எல்லில் 99 இடம். லிங்கைக் காப்பி செய்தால் % வரிசையாக வருவது கோளாறு அல்ல. நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் என்கோட் செய்வதற்கு முன்பே வெட்டுங்கள். பிறகு வெட்டினால் பைட் நடுவில் அறுந்து டீகோட் ஆகாது (மூல எழுத்தாகத் திரும்பாது). முன்பே வெட்டினாலும் கவனம் வேண்டும்: 10 குறியில் நிறுத்தினால் புள்ளி போய் ‘நாகர்கோவில’ என்று நிற்கும்.

டீகோட் ஒருமுறைதான். பெரும்பாலான ஃபிரேம்வொர்க்குகள் தேடல் விவரத்தை டீகோட் செய்தே உங்கள் கையில் தருகின்றன. ‘5% தள்ளுபடி’ என்பதை நீங்கள் இன்னொரு முறை டீகோட் செய்தால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை எறிந்து நின்றுவிடும். + குறியும் இப்படித்தான்: படிவங்களை அனுப்பும் என்கோட் முறையில் அது இடைவெளியைக் குறிக்கும். என்கோட் செய்யாத ‘+91 4652’ என்ற எண்ணின் தொடக்கத்தில் வெற்றிடம்தான் மிஞ்சும்.

பக்கத்தில் காட்டும்போது விதி வேறு. எச்டிஎம்எல்லில் மாற்ற வேண்டியவை ஐந்து: & என்பது &#38; ஆகும், < என்பது &#60;, > என்பது &#62;, " என்பது &#34;, ' என்பது &#39;. நீங்களே எழுதுவதானால் &தான் முதலில் மாற வேண்டும். கடைசியில் மாற்றினால், ஏற்கெனவே வந்த &#60; மறுபடி மாட்டி &#38;#60; ஆகிவிடும். டீகோட் செய்யும்போது வரிசை தலைகீழ், & கடைசி. ஆனால் மொழியோடு வரும் ஃபங்ஷன் இருக்கும்போது சொந்தமாக எழுதவே வேண்டாம். பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில் ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ என்ற ஃபங்ஷன் ஒற்றை மேற்கோளை இயல்பாக மாற்றாது. அதற்கான ஃபிளாகை (கூடுதல் அமைப்பை) தனியாகக் கொடுக்க வேண்டும்.

டேட்டாபேஸில் எப்போதும் மூல எழுத்தையே வையுங்கள். எஸ்கேப் செய்ததை, அதாவது மேலே சொன்னபடி குறிகளை மாற்றியதை, சேமித்தால், காட்டும்போது மறுபடி எஸ்கேப் ஆகி, வாடிக்கையாளர் கண்ணுக்கு ‘பிச்சி &#38; மல்லி’ என்று தெரியும். சேமிக்கும் கட்டளையில் ‘டி'குரூஸ்’ போன்ற பெயர் வந்து மேற்கோளை உடைக்கும் என்பதற்காக நீங்களாக \ சேர்க்காதீர்கள். கட்டளை வேறு, மதிப்பு வேறு என்று அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் அதைப் பார்த்துக்கொள்ளும். எஸ்கியூஎல் ஊடுருவலையும் (மதிப்புக்குள் கட்டளையை ஒளித்து அனுப்புவதையும்) அதுவே தடுக்கும்.

பழைய டேபிளில் தமிழுக்குப் பதில் &#2984;&#3006; என்று கிடக்கிறதா? அது ‘நா’. பக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கப்படாதபோது, தன்னால் அனுப்ப முடியாத எழுத்தை பிரவுசர் இப்படி எண்ணாக்கி அனுப்பும். எச்டிஎம்எல்லின் முதல் 1024 பைட்டுக்குள் கேரக்டர்செட்டை யூடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். பிறகு டேபிளின் நகலில் ஒருமுறை எச்டிஎம்எல் டீகோட் ஓட்டி, சரிபார்த்து மாற்றுங்கள்.

தேடினால் ‘தோவாளை’ கிடைக்கவில்லை, ஆனால் கண்ணுக்கு இருக்கிறது என்றால் ஓகாரத்தைச் சந்தேகியுங்கள். அது ஒரே குறியாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வரலாம். உள்ளே வரும்போதே, இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சோதனைக்கு இந்த வரியை ஒவ்வொரு பெட்டியிலும் போடுங்கள்:

டி'குரூஸ் "மட்டி" & <!--செவ்வாழை--> 5% + \

<செவ்வாழை> என்று மட்டும் போட்டால் ஓட்டை தெரியாது. < குறியை அடுத்துத் தமிழ் எழுத்து வந்தால் பிரவுசர் அதை டேக்காக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டிவிடும். மேலே உள்ளது கமெண்ட் (பிரவுசர் பக்கத்தில் காட்டாத குறிப்பு) வடிவம், எஸ்கேப் ஆகவில்லை என்றால் செவ்வாழை காணாமல் போகும். திருத்தும் படிவத்தில் ‘டி'குரூஸ்’ மட்டும் மிஞ்சினால் இரட்டை மேற்கோள் மாறவில்லை. படிவத்தைத் திறந்து மூன்று முறை சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் வரி நீண்டுகொண்டே போனால், எங்கோ இரண்டு முறை எஸ்கேப் ஆகிறது.