போர்ட் சைடு என்றால் துறைமுகப் பக்கம் இல்லை

போன வாரம் என் டிக்கெட் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் போனில் ஒருவருக்குக் கப்பல் அறை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். “போர்ட் சைடே எடுத்துக்குங்க சார், ஊருங்க வரும்போது கரை நல்லா தெரியும்” என்றான். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். இதே பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, இதே வார்த்தையை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள், வாந்தி மாத்திரை எடுத்து வையுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் அறை எந்தப் பக்கம் என்ற விஷயத்தில் செய்யும் தவறுகளை மட்டும் பேசுகிறேன்.

‘போர்ட்’ என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டுவது

கப்பலில் போர்ட் என்றால் இடப்பக்கம். ஸ்டார்போர்டு என்றால் வலப்பக்கம். அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையைப் பார்த்து நின்றுகொண்டு இடது கையை நீட்டினால் அதுதான் போர்ட். கப்பல் நடுக்கடலில் இருந்தாலும் சரி, கரையில் கட்டியிருந்தாலும் சரி, அது மாறாது. இரவில் அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை.

பெயர் மட்டும் சும்மா வரவில்லை. பழைய காலத்தில் சுக்கானுக்குப் பதில் ஒரு பெரிய துடுப்பை வலப்பக்கமாகக் கட்டித்தான் கப்பலைத் திருப்பினார்கள். அந்தப் பக்கத்தைக் கரையில் ஒட்டினால் துடுப்பு நசுங்கிவிடும். அதனால் இடப்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்தார்கள். இடப்பக்கத்துக்கு அப்போது லார்போர்டு என்று பெயர். காற்றில் கத்தும்போது லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒன்று போலக் கேட்கும் என்பதால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை அதை மாற்றி ‘போர்ட்’ என்றே சொல்லும்படி உத்தரவு போட்டது. துடுப்பு போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுகொண்டு என்னைப் போன்றவர்களைக் கவிழ்க்கிறது.

நான் கவிழ்ந்த கதை இது. மண்ணடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய் வரும் கப்பலில் குடும்பத்தோடு போக வந்தார். அவருடைய தாத்தா சென்னையில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கு போய், ஜார்ஜ் டவுனில் பல வருஷம் கடை வைத்திருந்தவர். “தாத்தா பாத்த மாதிரியே கப்பல்ல இருந்து அந்த ஊரைப் பாக்கணும் தம்பி. பால்கனியில உக்காந்து பாக்கணும்” என்றார். அவர் ஏற்கெனவே மலிவு டிக்கெட் எடுத்திருந்தார். எந்த அறை, எந்தப் பக்கம் என்பதைக் கப்பல்காரர்களே முடிவு செய்யும் டிக்கெட் அது. நான் பெரிய மேதாவி மாதிரி, “அதை விடுங்க பாய், போர்ட் சைடுல நம்பர் பாத்து எடுத்துடலாம்” என்று மூன்று அறைகளையும் மாற்றிக் கொடுத்தேன். ஆளுக்கு ஆள் கூடுதல் பணம். மனிதர் முகம் சுளிக்காமல் எண்ணி வைத்தார்.

பினாங்கு தீவில் பயணக் கப்பல் நிற்கும் இடம் சுவெட்டன்ஹாம் துறை. மேற்கே ஜார்ஜ் டவுன். கிழக்கே கடலிடுக்கு, அதற்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த். அன்று கப்பலை வலப்பக்கமாகக் கட்டிவிட்டார்கள். விடியற்காலைத் தொழுகை முடித்துவிட்டு நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டவர், அங்கிருந்தே எனக்கு போன் செய்தார். “தம்பி, எங்க பக்கம் பட்டர்வொர்த்துதான் தெரியுது. எதிர் ரூம்காரங்களுக்குத்தான் பினாங்கு தெரியுதாம்.” திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. ஊருக்குத் திரும்பியதும் எனக்கு ஒரு டப்பா ஜாதிக்காய் மிட்டாய் கொடுத்தார். அதை நான் பிரிக்கவே இல்லை.

அப்புறம்தான் ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு அண்ணனிடம் போய் நின்றேன். பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் விடும் டக் படகில் செராங்காக, அதாவது படகோட்டிகளின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டீக்கடை மேசையில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்தார். “இதான் கப்பல். கூட்டு மூடியோட கீல் இருக்கிற பக்கம் போர்ட்டுனு வச்சிக்க” என்றார். மேசையின் ஓரம் நம் சென்னைத் துறைமுகத்தின் மேற்குத் துறைமேடை. நம் துறைமுகத்து வாய் வடக்கே இருக்கிறது. கப்பல் அந்த வழியாக நுழைந்து தெற்கே வருகிறது. வந்த வேகத்திலேயே மேசை ஓரத்தில் ஒட்டினார். கீல் கிழக்கே, தண்ணீர்ப் பக்கம் இருந்தது. அதாவது கரைப் பக்கம் ஸ்டார்போர்டு. திரும்பவும் உள்ளே கொண்டுவந்து, இந்தத் தடவை இரண்டு விரலால் தள்ளி ஒரு அரைவட்டம் சுற்றி, அணியத்தை வடக்கே பார்க்க வைத்து ஒட்டினார். கீல் இப்போது கரையில்.

“ரெண்டு விரல்தான் ரெண்டு டக்கு. அதே கப்பல், அதே இடம். எது வேணும்?”

எது வேண்டும் என்பதைப் பயணி முடிவு செய்வதில்லை. வரும்போதே திருப்பிக் கட்டினால் போகும்போது நேராகக் கிளம்பலாம். ஆனால் அன்றைக்குக் காற்று பலமாக இருந்தால் கேப்டனும், துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டும் வேறு மாதிரி நினைப்பார்கள். நீரோட்டம், பக்கத்து பெர்த்தில் நிற்கும் கப்பல், திருப்ப இடம் இருக்கிறதா, ஏணிப்பாலம் எந்தக் கதவுக்கு எட்டும் என்று கணக்கு நீளும். இன்றைய பயணக் கப்பல்களில் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள் இருப்பதால் எந்தப் பக்கமாகவும் ஒட்ட முடியும். இறங்கும் கதவும் இரண்டு பக்கமும் உண்டு. இதை ஆறு மாதம் முன்னால் ஒரு டிக்கெட் கடையில் உட்கார்ந்து சொல்ல நான் யார்?

“போன தடவை அந்தப் பக்கம்தான் கட்டினாங்க”

யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது அந்த நாளின் காற்று.

வரைபடத்தைத் தலைகீழாகப் படிப்பது

கப்பல் தளங்களின் படத்தில் சில கம்பெனிகள் அணியத்தை மேலே வரைகின்றன, சில வலது ஓரத்தில், சில இடது ஓரத்தில். அணியம் வலது ஓரத்தில் இருந்தால் படத்தின் மேல்வரிசைதான் இடப்பக்கம். இடது ஓரத்தில் இருந்தால் கீழ்வரிசை. முதலில் அணியத்தைத் தேடுங்கள். ஒற்றைப்படை எண் இந்தப் பக்கம், இரட்டைப்படை அந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கரைப்பக்கம் என்றாலே அழகு என்று நினைப்பது

கட்டியிருக்கும் கப்பலின் கரைப்பக்கத்தில் பெரும்பாலும் என்ன இருக்கிறது தெரியுமா? தகரக் கூரை, ஃபோர்க்லிஃப்ட், காய்கறிப் பெட்டி ஏற்றும் சத்தம், இரவெல்லாம் கண்ணில் அடிக்கும் விளக்கு. தூங்க வேண்டும் என்றால் தண்ணீர்ப் பக்கம் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி.

நங்கூரம் போடும் ஊரில் பக்கம் பார்ப்பது

பார்க்காதீர்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கப்பல் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் ஊர், மத்தியானம் கடல்.

வெயிலை மறப்பது

பக்கம் பார்த்து எடுப்பதென்றால் இதற்காக எடுக்கலாம். ஓடும் திசை முன்கூட்டியே தெரியும், கட்டும் திசைதான் தெரியாது. சென்னையிலிருந்து இலங்கைக்குத் தெற்கே போகும்போது சூரியன் உதிப்பது இடப்பக்கம், மறைவது வலப்பக்கம். திரும்பி வரும்போது மாறும். சாயங்காலம் பால்கனியில் உட்கார நினைக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தான் இப்போது அறை எடுத்துக் கொடுக்கிறேன். சூரியன் இதுவரை யாரையும் என் கடைக்குத் திருப்பி அனுப்பவில்லை.

கையசைக்கச் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவது

பாஸ் இல்லாமல் துறைமுக கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். வேண்டுமானால் அவர்களைக் காசிமேட்டுப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். உள்ளே எந்தப் பக்கமாகக் கட்டியிருந்தாலும், வடக்கு வாயைத் தாண்டும்போது நம் கரை கப்பலுக்கு இடது கைப்பக்கம்தான். பையனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நான் சொன்னது சரிதானே அண்ணா?” என்கிறான்.