டைம் டிரையலுக்கு அமர்வுநிலையைச் சீர்செய்வது எப்படி

டைம் டிரையல் என்பது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் மிதிவண்டிப் போட்டி. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகச் செல்லும் மிதிவண்டியோட்டியின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையில் பெரும்பகுதி வண்டியின்மேல் இருக்கும் உடலால் வருவது. ஆகவே, விலையுயர்ந்த சக்கரங்களுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்பு இருக்கையையும், முன்கைகளைப் படியவைத்து ஓட்ட உதவும் கைப்பிடி நீட்சியான ஏரோ பாரையும் சில சென்டிமீட்டர் நகர்த்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உடலின் முன்பரப்பையும், அதன் வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடுகிறது என்பதையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது வழக்கம். ஓட்டிகள் அதைச் சுருக்கமாகச் சிடிஏ என்பார்கள். பிரேக் பிடிகளின்மேல் கைவைத்து ஓட்டும் நடுத்தர உடல்வாகுடைய ஒருவருக்கு அது ஏறக்குறைய 0.35 சதுர மீட்டராக இருக்கும். ஏரோ பாரில் நன்றாகப் படிந்து ஓட்டினால் 0.25க்கு இறங்கும். வண்டியோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள அவர், 250 வாட் ஆற்றலில், முதல் நிலையில் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டரும் இரண்டாம் நிலையில் 40 கிலோமீட்டரும் செல்வார். 40 கிலோமீட்டர் போட்டியில் இது ஆறரை நிமிடத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம். அதற்குப் பிறகு குறைக்கும் ஒவ்வொரு 0.01 சதுர மீட்டரும், அதே 40 கிலோமீட்டர் வேகத்தில், எட்டு வாட் அளவுக்கு மிச்சப்படுத்தும்.

பலர் தடம் மாறுவது இங்கேதான். தொழில்முறை வீரர் ஒருவரின் படத்தைப் பார்த்துவிட்டு, ஏரோ பாருக்கு அடியில் அதை உயர்த்தி வைக்கும் ஸ்பேசர்களையெல்லாம் கழற்றி, முதுகைத் தரைமட்டமாக்க முயல்கிறார்கள். இடுப்பு மடங்கும் கோணம் குறுகுகிறது, தொடை வயிற்றில் இடிக்கிறது, மூச்சு முட்டுகிறது. பத்தாவது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். போட்டி முடியும்வரை அசையாமல் தாங்கக்கூடிய நிலைகளுள் எது மிகக் குறைந்த தடையைத் தருகிறதோ, அதுவே வேகமான நிலை. அதனால் சீரமைப்பை இருக்கையிலிருந்து தொடங்க வேண்டும். ஏரோ பாரைக் கடைசியில் தொடலாம்.

ஆலன் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்பு, இப்போதுள்ள அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்க் அச்சின், அதாவது பெடல் தண்டுகள் சுழலும் அச்சின், மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையிலான நேர்த்தூரம் ஒன்று. இருக்கையின் மூக்கு நுனியிலிருந்து தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டால் அது அச்சின் மையத்துக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது என்பது இன்னொன்று. முழங்கை மெத்தைகள் இருக்கையைவிட எவ்வளவு தாழ்ந்துள்ளன, எவ்வளவு முன்னால் உள்ளன என்பன மற்றவை. தூக்குக்குண்டுக்கு நூலில் கட்டிய ஒரு நட்டே போதும். பிறகு வண்டியை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பூட்டி, கைப்பேசியை இடுப்பு உயரத்தில் மூன்று மீட்டர் தள்ளி நிறுத்திப் பக்கவாட்டில் காணொளி எடுங்கள். பத்து நிமிடம் கடுமையாக மிதித்த பின்னரே எடுக்க வேண்டும். களைப்பில்லாத உடல் கேமராவுக்கு முன்னால் ஒழுங்காக நடந்துகொள்ளும், களைத்த உடல்தான் உண்மையான அமர்வைக் காட்டும்.

இப்போது இருக்கை. சாலைச் சைக்கிளில் இருக்கைக் கம்பத்தின் கோணம் பொதுவாக 73 பாகை அளவில் இருக்கும். டைம் டிரையலில் இருக்கையை முன்னால் தள்ளி அதை 76 முதல் 80 பாகைக்குக் கொண்டுவருகிறோம். இதன் நோக்கம் எளியது. உடல் முழுவதையும் கிராங்க் அச்சைச் சுற்றி முன்னோக்கிச் சுழற்றினால், முதுகு தாழ்ந்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள கோணம் முன்பு இருந்தபடியே இருக்கும், மூச்சுக்கும் இடமிருக்கும். இருக்கையை முன்னால் தள்ளும்போது அச்சிலிருந்து அதன் நேர்த்தூரம் குறைந்துவிடுவதால், நான்கு சென்டிமீட்டர் முன்னகர்த்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருக்கும். இதை மறந்தவர்களுக்கே சில வாரங்களில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்குகிறது. பெடல் அடியில் இருக்கும்போது, முழங்கால் நேர்கோட்டிலிருந்து 25 முதல் 35 பாகை மடங்கியிருப்பது பொதுவான அளவுகோல். கால்விரல்கள் கீழ்நோக்கி எட்டிப் பிடிக்க முயன்றாலோ, இடுப்பு இரு பக்கமும் ஆடினாலோ, இருக்கை உயரம் கூடிவிட்டது என்று பொருள்.

இடுப்பெலும்பு முன்னோக்கிச் சுழன்ற பிறகு, உடல் எடை பின்னெலும்புகளைவிட்டு முன்பகுதிக்கு மாறுகிறது. வழக்கமான நீண்ட மூக்கு இருக்கையில் இதைத் தாங்குவது கடினம். மூக்கு குட்டையாகவோ இரண்டாகப் பிளந்தோ இருக்கும் இருக்கைகள் இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. மரத்துப்போகும் உணர்வைப் பயிற்சியால் பழக்கிக்கொள்ளலாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அதைக் கேட்கவே வேண்டாம். மரத்துப்போவது நரம்பும் இரத்தக்குழாயும் அழுந்துவதன் அறிகுறி, இருக்கையை மாற்றியே ஆக வேண்டும். மூக்கை ஓரிரு பாகை கீழே சாய்ப்பது உதவும். அதற்குமேல் சாய்த்தால் உடல் முன்னால் வழுக்கி, அந்த எடையைத் தோள்கள் சுமக்க நேரிடும்.

இதற்குப் பின்னும் தொடை வயிற்றில் இடித்தால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் நீளத்தைப் பாருங்கள். 172.5 மில்லிமீட்டருக்குப் பதிலாக 165 பூட்டினால், இருக்கையை 7.5 மில்லிமீட்டர் உயர்த்தலாம், பெடல் மேலே வரும்போது முழங்காலும் அதற்கேற்பத் தாழ்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து இடுப்புக்கு 15 மில்லிமீட்டர் இடம் தருகின்றன. நம்மில் பலருடைய உயரத்துக்கு, கடைகளில் பொருத்தித் தரும் கிராங்க் நீளம் சற்று அதிகம் என்பது என் கருத்து.

முன்புறத்தில் எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது. மேற்கை ஏறக்குறைய செங்குத்தாக, அல்லது முழங்கை தோளுக்குச் சற்று முன்னால் இருக்குமாறு, மெத்தைகளை வையுங்கள். மெத்தை முழங்கை முனையில் படாமல் அதற்குச் சற்று முன்னே, முன்கையின் தசைப்பகுதியில் படட்டும். டிரெய்னரில் மிதித்துக்கொண்டே விரல்களைத் திறந்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். உடல் முன்னால் சரிகிறது என்றால் மெத்தைகள் அருகில் உள்ளன, அல்லது இருக்கை அளவுக்குமேல் சாய்ந்துள்ளது. பின்னால் நகரத் தோன்றினால் மெத்தைகள் எட்டாத தூரத்தில் உள்ளன. உயரத்தை ஒரு முறைக்கு ஒரு ஸ்பேசர், அதாவது ஐந்து அல்லது பத்து மில்லிமீட்டர், என்ற அளவில் மட்டுமே இறக்க வேண்டும்.

1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்சின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல் தொடங்கியபோது, கிரெக் லெமாண்ட், முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோனைவிட 50 வினாடி பின்தங்கியிருந்தார். அவர் ஏரோ பாரும் காற்றுக்கேற்ற தலைக்கவசமும் பயன்படுத்தினார்; ஃபின்யோன் தலைக்கவசமின்றி, குடுமி காற்றில் பறக்க, அகன்ற கைப்பிடியில் ஓட்டினார். லெமாண்ட் அன்று 58 வினாடி மீட்டு, மொத்தத்தில் 8 வினாடி வித்தியாசத்தில் வென்றார். முதுகு எவ்வளவு தாழ்ந்தது என்பதையே பேசிக்கொண்டிருப்பவர்கள் கைகளையும் தலையையும் மறந்துவிடுகிறார்கள். பல ஓட்டிகளுக்குக் காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய இலாபம் தலையில்தான் இருக்கிறது. தோள்களைக் காதுகளை நோக்கிச் சுருக்கி, தாடையை முன்கைகளுக்குப் பின்னால் இறக்கி, கண்களை மட்டும் மேலே உயர்த்திச் சாலையைப் பார்க்க வேண்டும். இது இயல்பான நிலை அன்று என்பதால், ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் நம்மை அறியாமலே தலை எழும்பிவிடும். உடன் பயிற்சி செய்பவர் சாலையோரத்தில் நின்று, “அண்ணே, தலை!” என்று குரல் கொடுப்பது எந்தக் கருவியையும்விட நன்றாக வேலை செய்கிறது. ஆனால், கண்கள் சாலையைக் காண முடியாத அளவுக்குத் தலையைக் கவிழ்ப்பதை எந்த வேகமும் நியாயப்படுத்தாது.

முன்கைகளை மேல்நோக்கிச் சாய்த்து, கும்பிடுபூச்சிபோல் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவரும் நிலை இப்போது பரவலாகியிருக்கிறது. பலருக்கு இது வசதியும் வேகமும் ஒருங்கே தருகிறது, சிலருக்குத் தருவதில்லை. முழங்கைகளை நெருக்கி வைப்பதும் அப்படித்தான். மார்பு அகன்ற ஒருவருக்கு, மெத்தைகளைச் சற்றே விலக்கித் தலையை இடையில் இறக்க வழிசெய்தால் தடை குறையக்கூடும். அவரவர் உடலில் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சோதனைக்கு, மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரும் சக்கரத்தில் பொருத்தும் வேக உணரியும் தேவை. இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அமைதியான சாலையில், போய்த் திரும்பி, ஒரே ஆற்றலில் ஓட்டுங்கள். முதலில் பழைய நிலை, பிறகு புதிய நிலை, மீண்டும் பழைய நிலை. இரண்டு பழைய ஓட்டங்களும் ஒத்துப்போகவில்லையென்றால் நடுவில் உள்ளதை நம்பக் கூடாது. ஒரு லாரி கடந்து சென்றால்கூட அந்த ஓட்டத்தைக் கழித்துவிடுங்கள். இன்னும் நுணுக்கமாக வேண்டுமெனில், ராபர்ட் சங் வகுத்த முறை இருக்கிறது: ஆற்றலையும் வேகத்தையும் கொண்டு சாலையின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது தொடங்கிய உயரத்துக்கே திரும்புமாறு செய்யும் சிடிஏவைக் கண்டறிவது. கோல்டன் சீட்டா என்னும் இலவச மென்பொருளில் இதற்கான பகுதி உள்ளது.

கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருப்பது இத்தகைய சோதனைக்கு வரம். கோலாலம்பூர்வாசிகளுக்குப் புத்ராஜெயாவின் அகன்ற சாலைகள் ஏற்றவை, ஆனால் வட்டச் சந்திப்புகளிலிருந்து தள்ளியுள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஞாயிறு காலையில் நகர மையத்தில் கார்களுக்கு அடைக்கப்படும் சாலைகளில் குழந்தைகளும் முதியவர்களும் வருவார்கள். அங்கே ஏரோ பாரில் படுப்பது தகாது. விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதியே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: காலை ஏழு மணிக்கு 25 பாகையாக இருந்த வெப்பம் பத்து மணிக்கு 32ஐத் தொடும்போது, காற்றின் அடர்த்தி இரண்டு மூன்று விழுக்காடு குறைகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் இதுவே நான்கைந்து வாட். எந்த மாற்றமும் செய்யாதவர்கூடப் பத்து மணிக்கு வேகமாகிவிட்டதாக மகிழ்ந்துபோவார். வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறித்துக் கணக்கில் சேர்த்தால் இந்த மயக்கம் வராது.

புதிய நிலையில் பழைய ஆற்றல் உடனே கிடைக்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகத் தொடங்கி, போட்டியின் நீளத்துக்கு வளர்த்துச் செல்லுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகும், ஒரு ஸ்பேசரைக் கழற்றியதால் 15 வாட் இழந்து 0.01 சதுர மீட்டர் மட்டுமே கிடைத்தது என்றால், அந்த ஸ்பேசரைத் திரும்பப் பூட்டிவிடுங்கள். லங்காவி அயர்ன்மேன் போன்ற 180 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் இன்னும் உயர்ந்த நிலையைத் தேர்வது நல்லது. இறங்கிய பின் அவர்கள் ஓடவும் வேண்டும்.

இறுக்கமான உடையும் கயிறு தொங்காத காலணியும் பயனுள்ளவை. தலைக்கவசத்தில் மட்டும் நம் ஊர் வெயிலுக்கு இடம் கொடுக்க வேண்டும்: துளையில்லாத நீள்வால் கவசம் இருபது நிமிடப் போட்டிக்குப் பொருந்தும், ஒரு மணி நேரத்துக்கு மேலென்றால் காற்றோட்டம் உள்ளதே மேல். வியர்வை முகத்திலிருந்து மெத்தைகளுக்கு இடையே நேராக, கைப்பிடியை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மின் திருகுகளில் சொட்டி, சில மாதங்களில் அவற்றைத் துருப்பிடிக்கச் செய்யும். ஓட்டம் முடிந்ததும் நன்னீரால் துடைத்து, மாதம் ஒருமுறை திருகுகளைக் கழற்றிக் கிரீஸ் தடவுங்கள். மெத்தைத் துணிகளையும் துவைத்துக் காயவையுங்கள்.

அனைத்துலக மிதிவண்டிச் சம்மேளனத்தின் (யுசிஐ) விதிப்படி நடக்கும் போட்டியென்றால் அளவுகளுக்கு வரம்பு உண்டு. 2023இல் நடைமுறைக்கு வந்த விதியில், கிராங்க் அச்சிலிருந்து ஏரோ பார் நுனி வரையிலான கிடைத்தூரம் 180 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுடையவர்களுக்கு 80, 190க்குக் குறைந்தவர்களுக்கு 83, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 85 சென்டிமீட்டர். நீங்கள் கலந்துகொள்ளும் ஆண்டின் விதியை ஏற்பாட்டாளரிடம் கேட்டு, வீட்டிலேயே தூக்குக்குண்டு கொண்டு அளந்து, ஐந்து மில்லிமீட்டராவது உள்ளடங்கி வையுங்கள். சோதனை மேசையில் வண்டி தவறினால், தொடக்க மேடைக்கு அழைக்கப்படும் நேரத்தில் அவசரமாக ஏரோ பாரைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும், அப்போது மெத்தைகளின் இடமும் சேர்ந்து மாறிவிடும்.