வார் தண்டரில் ரஷ்ய டாங்கிகளை ஒப்பிடுவது எப்படி: ஒரு ஸ்டாப்வாட்ச் போதும்

வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் கேமை ஆடத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: டி-72பி3, டி-80பிவிஎம், டி-90எம் மூன்றில் எதை நோக்கிப் போகலாம்? நியாயமான கேள்வி. ரஷ்ய மரத்தில் (ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகளைத் திறந்து மேலே போகும் பட்டியலில்) மேலே இருக்கும் ஒரு வண்டியைத் திறக்க எத்தனையோ நாள் உழைக்க வேண்டியிருக்கிறது. தவறான வரிசையில் இறங்கிவிட்டால் மனசு விட்டுப்போகும். ஆனாலும் "இதை எடு" என்று நான் ஒரு பெயரைச் சொல்வதைவிட, நீங்களே அளந்து பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு அப்டேட்டிலும் எண்கள் மாறுகின்றன. அளக்கும் முறை மாறுவதில்லை.

நான் எதை அளக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவசம் எத்தனை மில்லிமீட்டர், குண்டு எவ்வளவு துளைக்கும் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். எதிரியைப் பார்க்க, சுட, திரும்ப மறைவுக்குள் வர எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் என் கணக்கு.

முதலில் இரண்டு குடும்பங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து 72-ஐவிட 80 புதிது, 80-ஐவிட 90 புதிது, ஆகவே ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. டி-72 நிஷ்னி தகில் நகரத்து உரால்வகன்சாவோத் ஆலையின் பிள்ளை. 1973-இல் சோவியத் படையில் சேர்ந்தது. டி-90 அதே ஆலையில், அதே டி-72-இலிருந்து வந்தது. 1992-இல் படையில் சேர்வதற்கு முன் அதன் பெயர் டி-72பியு. டி-80 வேறு வீடு. லெனின்கிராத் நகரத்தில் வடிவமைத்து, டீசலுக்குப் பதிலாக விமானத்தில் இருப்பதுபோன்ற கேஸ் டர்பைன் இன்ஜினை வைத்து, 1976-இல் வெளிவந்தது.

ஆக டி-90எம், டி-72பி3-க்குப் பங்காளி. டி-80பிவிஎம் அந்த வம்சமே இல்லை. இது தெரிந்தால், கேமில் ஒரு வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது பாதி புரிந்துவிடும். நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டப்பட்ட அஜேயாவும் பீஷ்மாவும் இந்த முதல் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அஜேயா டி-72, பீஷ்மா டி-90.

அடுத்து, ஒரே தராசில் வையுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, எல்லா மேம்பாடுகளும் போட்ட ஒரு வண்டியையும் நேற்று வாங்கிய இன்னொரு வண்டியையும் ஒப்பிடுவது. குழுவின் பயிற்சி நிலை வேறாக இருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஆடும் மோடும் முக்கியம்: எளிதாக்கிய ஆர்கேடில் வேகம் வேறு, நிஜத்தை ஒட்டிய ரியலிஸ்டிக்கில் வேறு. இந்த விளக்கம் முழுவதும் ரியலிஸ்டிக் மோடுக்கானது.

மேல் வரிசை டாங்கி உங்களிடம் இன்னும் இல்லையா? மரத்தில் அதை ரைட் கிளிக் செய்து ப்ரிவ்யூ கொடுத்தால் ஹேங்கருக்கு, அதாவது வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் திரைக்கு, வந்து நிற்கும். ஓட்டிப் பார்க்க முடியாவிட்டாலும் சுற்றிப் பார்க்கலாம். ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு அதே குடும்பத்தில் கீழே உள்ள டி-72ஏ, டி-80பி போன்றவை போதும். நாம் தேடும் குடும்பக் குணம் அவற்றிலேயே தெரிந்துவிடும்.

அட்டையில் என்ன பார்க்க வேண்டும்

கேமில் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் எண்களைக் காட்டும் அட்டை உண்டு. அதில் பீரங்கியைப் பார்க்க நேரம் செலவழிக்காதீர்கள். மூன்றிலும் இருப்பது 125 மி.மீ. 2ஏ46 வகைப் பீரங்கி, மூன்றுக்கும் மேல்நிலை டார்ட் குண்டு (ஈட்டி போலக் கவசத்தைத் துளைப்பது) 3பிஎம்60. அங்கே வித்தியாசம் தேட ஒன்றும் இல்லை.

இன்ஜினின் குதிரைசக்தியை எடையால் வகுத்துப் பாருங்கள். டி-80பிவிஎம் 1250 குதிரைசக்தி, சுமார் 46 டன். ஒரு டன்னுக்கு 27. டி-90எம் 1130 குதிரைசக்தி, சுமார் 48 டன். ஒரு டன்னுக்கு 23-க்குக் கொஞ்சம் மேல். டி-72பி3 முதலில் வந்தபோது அதன் இன்ஜின் 840 குதிரைசக்திதான். 2016 மேம்பாட்டில்தான் 1130 ஆனது. ஆகவே பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாமல், நீங்கள் வாங்கப்போகும் வண்டியின் அட்டையில் குதிரைசக்தி எவ்வளவு என்று பாருங்கள்.

அப்புறம் ரீலோட் நேரம், அதாவது அடுத்த குண்டைப் போட ஆகும் நேரம். நான் கடைசியாகக் குறித்து வைத்தபோது டி-80 குடும்பத்துக்கு 6.5 விநாடி, டி-72, டி-90 இரண்டுக்கும் 7.1 விநாடி. குண்டு போடுவது மனிதன் இல்லை, ஆட்டோலோடர் என்ற இயந்திரம். அதனால் குழுவுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இந்த எண் குறையாது.

எக்ஸ்-ரேயில் ராட்டினத்தைப் பாருங்கள்

ஹேங்கரில் எக்ஸ்-ரே பட்டனை அழுத்துங்கள், வண்டியின் உள்பகுதி தெரியும். டரெட்டுக்கு (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டுக்கு) கீழே, வண்டியின் தரையில், குண்டுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். ராட்டினம் போலச் சுழன்று, வேண்டிய குண்டை மேலே தருவது இதுதான். டி-72, டி-90 இரண்டிலும் குண்டும் அதைத் தள்ளும் வெடிமருந்தும் படுக்கையாகத் தரையோடு கிடக்கும், மொத்தம் 22. டி-80-இல் 28. ஆனால் அதில் மருந்துக் குழாய்கள் செங்குத்தாக நிற்கின்றன. பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: டி-72-இல் தரையோடு ஒரு தாம்பாளம் வைத்தது போல, டி-80-இல் அண்டா அளவுக்கு உயரம். பக்கத்திலிருந்து வரும் குண்டுக்கு எது பெரிய இலக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இந்த அமைப்பு வெறும் கேம் விஷயம் இல்லை. 2022 முதல் உக்ரைனில் டரெட் பிய்த்து எறியப்பட்டுக் கிடக்கும் டாங்கிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இந்த ராட்டினம்தான்: மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அதே அறையில் மருந்தும் இருக்கிறது. கேமில் நாம் அடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறோம். அங்கே இருந்தவர்கள் வரவில்லை. இந்த நினைப்பு மனதில் இருக்கட்டும்.

ஆட்டத்துக்கான பாடம் எளிது. 40-ஐ ஒட்டிக் குண்டு ஏற்ற முடியும் என்பதற்காக ஏற்றாதீர்கள். ராட்டினத்தில் அடங்காத குண்டுகள் உடலெங்கும் சிதறி வைக்கப்படும். ஒவ்வொன்றும் ஒரு வெடிகுண்டு. டி-72, டி-90 என்றால் 22-ஐ ஒட்டி, டி-80 என்றால் 28-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு ஆட்டத்துக்கு 15 போதுமாக இருக்கிறது.

ப்ரொடெக்‌ஷன் அனாலிசிஸ்: எதிரியின் கண்ணால் பாருங்கள்

எந்தக் குண்டு எங்கே துளைக்கும் என்று காட்டும் இந்தக் கருவியைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. ஹேங்கரில் உங்கள் டாங்கி நிற்கும்போது இதைத் திறந்து, தாக்கும் வண்டியாக ஜெர்மன் டாங்கி லெப்பர்ட் 2ஏ6-ஐயும் குண்டாக டிஎம்53-ஐயும் தேர்ந்தெடுங்கள். தூரம் 500 மீட்டர். இப்போது மவுசை முன்பக்கத்தில் மெதுவாக நகர்த்துங்கள். சிவப்பு காட்டினால் அந்த இடத்தில் குண்டு நுழையாது, பச்சை என்றால் நுழையும், மஞ்சள் என்றால் இரண்டும் நடக்கலாம்.

டி-80பிவிஎம், டி-90எம் இரண்டும் ரெலிக்ட் வெடிப்புக் கவசம் (குண்டு பட்டதும் வெடித்து அதன் வலிமையைக் குறைக்கும் கட்டங்கள்) போர்த்தியவை. டரெட்டின் கன்னங்களிலும் உடலின் மேல் தகட்டிலும் பெரும்பாலும் சிவப்புதான் வரும். டி-72பி3-இன் முன்பக்கத்தில் இருப்பது முந்தைய தலைமுறையின் கோன்டாக்ட்-5. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் மூன்றிலும் மவுசை நடுவில் கொண்டுபோய், டிரைவரின் கண்ணாடி இருக்கும் இடத்தில் வையுங்கள். பீரங்கி டரெட்டுக்குள் நுழையும் அடிப்பகுதியிலும், கீழ்த் தகட்டிலும் வையுங்கள். அங்கே பச்சை. கிளிக் செய்தால் உள்ளே சிதறல் எப்படிப் பாய்கிறது, யார் சாகிறார்கள் என்பதைக் காட்டும். மூன்று பேர் குழுவில் இரண்டு பேர் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது.

இன்னொன்று: வெடிப்புக் கவசம் ஒரு முறை வெடித்தால் அந்தக் கட்டம் காலி. அடுத்த குண்டு அதே இடத்தில் விழுந்தால் தடுக்க ஒன்றும் இருக்காது. அனாலிசிஸ் காட்டுவது முதல் குண்டின் கதை மட்டும்.

ஸ்டாப்வாட்ச் சோதனை

இந்த விளக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

டெஸ்ட் டிரைவில், அதாவது வண்டியை ஓட்டிப் பார்க்கும் பயிற்சிக் களத்தில், நுழைந்து, ஒரு பாறையின் அருகிலோ சுவரின் அருகிலோ டாங்கியை நிறுத்துங்கள். பீரங்கிக் குழாயைத் தவிர்த்து இந்த டாங்கிகளின் உடல் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். ஆகவே மூன்று டாங்கி நீளம் என்றால் 20 மீட்டர். ஃபோனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுவிட்டு, அந்தத் தூரம் ரிவர்ஸில் வாருங்கள்.

டி-72-இன் ரிவர்ஸ் வேகம் மணிக்கு சுமார் 4 கி.மீ. நாம் நடப்பதைவிட மெது. 20 மீட்டர் பின்வாங்க 18 விநாடி ஆகும். டி-90எம்-லும் இதே கதைதான், ஏனென்றால் இது தாத்தாவின் கியர்பாக்ஸ்: முன்னால் போக ஏழு கியர், பின்னால் வர ஒன்றே ஒன்று, அதுவும் தவழும் கியர். டி-80-க்கும் ரிவர்ஸ் கியர் ஒன்றுதான், ஆனால் அது மணிக்கு 11 கி.மீ. தரும். அதே 20 மீட்டர், ஆறரை விநாடி.

இப்போது எதிரே ஒரு லெப்பர்ட் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற குழு 6 விநாடிக்கு ஒரு குண்டு போடும். நீங்கள் டி-80-இல் பின்வாங்கினால் அவனுக்கு ஒரு குண்டு கிடைக்கும். டி-72-லோ டி-90-லோ பின்வாங்கினால் மூன்று குண்டு. முதலில் சொன்ன டிரைவர் கண்ணாடியை மூன்று முறை குறி பார்க்க நேரம் கொடுக்கிறீர்கள். நான் டி-72 வரிசையில் இருந்த முதல் மாதம் முழுவதும், கவசம் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பெரும்பாலான சாவு முதல் குண்டில் இல்லை, பின்வாங்கும்போது வந்த இரண்டாம், மூன்றாம் குண்டில்.

இதோடு இன்னொரு சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு மேட்டின் மேல் ஏறி, மறுபக்கம் கீழே உள்ள இலக்கைக் குறி பாருங்கள். இந்த டாங்கிகளின் பீரங்கி 5 அல்லது 6 பாகைதான் கீழே இறங்கும். லெப்பர்ட் 2-க்கு 9, அமெரிக்க ஆப்ராம்ஸுக்கு 10. அவர்கள் டரெட்டை மட்டும் காட்டிச் சுடும் மேட்டில், நீங்கள் உடலையும் மேலே கொண்டுவர வேண்டும். டரெட்டின் கூரையே தரையிலிருந்து 2.2 மீட்டர்தான், உயரம் குறைந்த டாங்கியில் பீரங்கியின் பின்முனை மேலே எழும்ப இடம் இல்லை, அதற்குக் கொடுக்கும் விலை இது. மேட்டில் உடலைக் காட்டிவிட்டு, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் இறங்கி வருவதை ஒரு முறை செய்து பார்த்தால், டி-72 வரிசையை எங்கே கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்பது தானாகப் புரியும்.

கண்கள்

சீக்கிரம் முடித்துவிடலாம். டெஸ்ட் டிரைவில் தெர்மலை (வெப்பத்தை வைத்து எதிரியைக் காட்டும் கருவியை) போட்டு, பீரங்கியைச் சுடும் கன்னரின் பார்வையையும் கமாண்டர் பார்வையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். டி-72பி3, டி-80பிவிஎம் இரண்டிலும் கன்னருக்கு சோஸ்னா-யு தெர்மல் உண்டு. டி-90எம்-இல் கமாண்டருக்குத் தனியாக, சுற்றிலும் பார்க்கக்கூடிய தெர்மல் இருக்கிறது. டரெட்டை அசைக்காமல் மேட்டுக்குப் பின்னால் நின்றபடியே தேடலாம். வேகத்தில் இழப்பதை டி-90எம் ஓரளவு இங்கே ஈடு கட்டுகிறது.

சரி, எந்த வரிசை?

என் நோட்டில் இருக்கும் எண்களை வைத்துச் சொன்னால், புதியவருக்கு நான் டி-80 வரிசையைத்தான் காட்டுவேன். அண்டா பெரியது என்பது உண்மை. ஆனால் தவறான மூலையில் தலையை நீட்டிவிட்டாலும் திரும்பி வர வழி இருக்கிறது. கற்றுக்கொள்ளும்போது தவறு செய்யத்தான் செய்வோம். அதைத் தாங்கும் வண்டி வேண்டும். டி-90எம் அருமையான டாங்கி, ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு.

ஏற்கெனவே டி-72 வரிசையில் பாதி தூரம் வந்துவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். மேடுகளை விட்டுவிட்டு, நகரத் தெருக்களுக்கு வாருங்கள். கட்டடத்தின் மூலையில் உடலை முழுக்க வெளியே கொண்டுவராமல், இரண்டு மூன்று மீட்டர் பின்வாங்கினால் மறைந்துவிடும் அளவுக்கு மட்டும் எட்டிப் பாருங்கள். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் மூன்று மீட்டர் என்றால் மூன்று விநாடிக்கும் குறைவு. வெளியே மாட்டிக்கொண்டால் ரிவர்ஸை நம்பாமல் முதலில் புகையைப் போடுங்கள்.

பெரிய அப்டேட் வந்ததும் டெஸ்ட் டிரைவில் அதே பாறையின் அருகே போய் நின்று, இன்னொரு முறை ஸ்டாப்வாட்சைப் போடுங்கள். எண் மாறியிருந்தால் நோட்டில் பழையதை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதியோடு புதியதை எழுதிக்கொள்ளுங்கள்.