ஏலக் கணக்கு நிரலில் எனக்கு வந்த பிழைகளும் அவற்றைத் திருத்திய விதமும்

பாம்பனில் என் மாமா மீன் ஏலம் கூறுகிறவர். கணக்கெல்லாம் நோட்டில்தான். "ஏன் மாப்ள, கம்ப்யூட்டர் படிச்சுட்டு சும்மாதானே இருக்க, இதுக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார். மீன் பெயர், கிலோ, விலை என்று மூன்று பெட்டிகள், அழுத்தினால் தொகை காட்டும் ஒரு பொத்தான். அவ்வளவுதான் கேட்டார். முதலில் பைத்தானில், ஜன்னல்களும் பொத்தான்களும் செய்ய உதவும் டிகிண்டரை வைத்துக் கணினிக்கு ஒரு ஜன்னல் செய்தேன். அப்புறம் அதையே கைபேசியில் பார்ப்பதற்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வலைப்பக்கம். ஒரு நாள் வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது.

அந்த மூன்று வாரத்தைத் தின்ற பிழைகள் புதிதாகப் பழகும் எல்லோருக்கும் வருபவை. எனக்கு வந்த வரிசையிலேயே சொல்கிறேன். கட்டளைச் சொற்களை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: சிவப்பு எழுத்தைப் படியுங்கள்

பிழை வந்ததும் பயந்துபோய் ஜன்னலை மூடிவிடுவதுதான் முதல் தவறு. பைத்தான் காட்டும் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரியில் என்ன பிழை என்று இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று இருக்கும். அந்த வரியைப் பார்த்தால் சரியாகவே இருக்கிறதா? அதற்கு முந்தைய வரிக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும். பைத்தான் 3.10 முதல் 'இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை' என்றே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள இது ஒன்றே போதும்.

கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தால் கறுப்பு ஜன்னல் கண்சிமிட்டி மறைந்துவிடும். உள்ளே வந்த பிழையும் அதோடு போய்விடும். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அதிலிருந்து ஓட்டுங்கள். வலைப்பக்கமோ பிழை வந்தால் வாயே திறக்காது. எஃப்12 அழுத்தி, கன்சோல் என்ற தாவலைப் பாருங்கள். அங்கே இருக்கும்.

படி 2: எண்ணா, எழுத்தா?

என் நாட்களை அதிகம் விழுங்கியது இதுதான். நெத்திலி கிலோ 120 ரூபாய், 5 கிலோ என்று தட்டினேன். 600 வரவேண்டும். வந்தது 120120120120120. மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நூற்றிருபது லட்சம் கோடி ரூபாய்க்கு நெத்திலி!

பெட்டியில் தட்டுவது எதுவானாலும் நிரலுக்கு அது எழுத்துச் சரம்தான். நமக்கு 120 என்பது எண். அதற்கு 1, 2, 0 என்ற மூன்று குறிகள். கிலோவை மட்டும் எண்ணாக மாற்றிவிட்டு விலையை மறந்துவிட்டேன். ஒரு சரத்தை 5ஆல் பெருக்கு என்றால், பைத்தான் அதை ஐந்து முறை அடுத்தடுத்து எழுதிவிடும். இரண்டையுமே மாற்றாமல் விட்டிருந்தால் பிழை என்று நின்றிருக்கும், உடனே கண்டுபிடித்திருப்பேன். பாதி சரியாக எழுதியதால்தான் வினை.

ஜாவாஸ்கிரிப்டில் வேறு கூத்து. அங்கே பெருக்கல் சரியாக நடக்கும், 600 வரும். ஆனால் ஐஸ் செலவு 50ஐக் கூட்டச் சொன்னால் 60050 என்று நிற்கும். கூட்டல் குறிக்கு அங்கே இரண்டு வேலை: எண்ணைக் கூட்டும், எழுத்தை ஒட்டும். ஒரு பக்கம் எழுத்தாக இருந்துவிட்டால் ஒட்டிவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சந்தேகமான மதிப்பைப் பைத்தானில் ரெப்ர் (ஆர், இ, பி, ஆர்) என்ற செயல்கூற்றுக்குள் (ஃபங்ஷன்) போட்டு அச்சிடுங்கள். மேற்கோள் குறிகளோடு வந்தால் எழுத்து, இல்லாமல் வந்தால் எண். ஜாவாஸ்கிரிப்டில் டைப்ஆஃப் போட்டுப் பாருங்கள்.

திருத்தம்: பெட்டியிலிருந்து எடுக்கும் அந்த இடத்திலேயே மாற்றிவிடுங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு இன்ட், தசமத்துக்கு ஃப்ளோட். ஜாவாஸ்கிரிப்டில் நம்பர். தராசில் 12.5 கிலோ வரும்போது இன்ட் போட்டால் பிழை வரும், ஃப்ளோட்தான் போடவேண்டும். மாமா பழக்கத்தில் 1,200 என்று காற்புள்ளி வைத்துத் தட்டுவார். அதற்கும் பிழை வரும். மாற்றுவதற்கு முன் காற்புள்ளியை நீக்கிவிடுங்கள். காலிப் பெட்டியைப் பைத்தான் ஏற்காது. ஜாவாஸ்கிரிப்டின் நம்பரோ அதைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். எனக்கு இரண்டாவதுதான் பயம். கணக்கு தப்பாகும், யாருக்கும் தெரியாது. அதனால் காலியா என்று தனியாகச் சோதித்துவிடுங்கள்.

இடையில் ஒரு வேடிக்கை: பைத்தானின் இன்ட்டுக்குள் ௧௨ என்று தமிழ் எண்களைக் கொடுத்துப் பாருங்கள். 12 என்று சரியாகப் புரிந்துகொள்கிறது!

பைசாவோடு கணக்கு வந்தால் ஃப்ளோட்டை நம்பாதீர்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் இரண்டு மொழிகளுமே 0.30000000000000004 என்கின்றன. கணினி இரண்டடிமானத்தில் எண்ணுவதால் 0.1ஐத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடிவதில்லை. ரூபாயைப் பைசாவாகவும் கிலோவைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் வகுத்துக் காட்டுங்கள்.

படி 3: எப்போது ஓடுகிறது?

படகு கரை சேருமுன் மீனுக்கு விலை கேட்பதுபோல ஒரு பிழை உண்டு. டிகிண்டரில் பொத்தானுக்குக் கமாண்ட் என்று ஒரு செயல்கூற்றைக் கொடுப்போம். அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிட்டால், ஜன்னல் உருவாகும்போதே அது ஒருமுறை ஓடிவிடும். அப்புறம் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பெயரை மட்டும் கொடுங்கள், அடைப்புக்குறி வேண்டாம். பெட்டியின் மதிப்பை எடுக்கும் கெட் வரியும் அந்தச் செயல்கூற்றுக்குள்தான் இருக்கவேண்டும். வெளியே வைத்தால் யாரும் எதுவும் தட்டுவதற்கு முன்பே போய் எடுத்துவிட்டுக் காலியாகத் திரும்பும்.

விலைப் பட்டியல் நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பிக்கட்டும் என்று ஸ்லீப் 60 போட்டேன். ஜன்னல் உறைந்துவிட்டது. ஜன்னலை வரைவதும் பொத்தானைக் கவனிப்பதும் ஒரே ஆள்தான். அவனைத் தூங்கச் சொன்னால் எல்லாமே நிற்கும். அதற்குப் பதில் ஆஃப்டர் என்பதைப் பயன்படுத்துங்கள். அது மில்லிவினாடியில் கேட்கும், ஒரு நிமிடத்துக்கு 60000. இங்கேயும் செயல்கூற்றின் பெயர் மட்டும்தான்.

வலைப்பக்கத்தில் இதே கதை 'நல்', அதாவது 'ஒன்றுமில்லை' என்ற பிழையாக வரும். ஸ்கிரிப்ட் பக்கத்தின் தலையில் இருக்கும், பெட்டி உடலில் இருக்கும். பெட்டி உருவாகுமுன் ஸ்கிரிப்ட் ஓடித் தேடினால் என்ன கிடைக்கும்? தனிக் கோப்பாக இருக்கும் ஸ்கிரிப்ட் என்றால் அதை அழைக்கும் ஸ்கிரிப்ட் குறிக்குள் டிஃபர் என்ற ஒரு சொல்லைச் சேருங்கள், போதும். தொகை ஒரு நொடி தெரிந்து மறைகிறதா? உங்கள் பொத்தான் ஃபார்முக்குள் இருக்கிறது. வகை சொல்லாத பொத்தானைச் சமர்ப்பிக்கும் பொத்தானாக உலாவி எடுத்துக்கொண்டு பக்கத்தையே மறுபடி ஏற்றுகிறது. அதன் வகையைப் பட்டன் என்று குறித்துவிடுங்கள்.

படி 4: தமிழ் கேள்விக்குறியாக வந்தால்

விண்டோஸில் பைத்தான் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று நீங்களே சொல்லவேண்டும். வலைப்பக்கத்தின் தலையிலும் அதையே மெட்டா வரியாகப் போடுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்கும்போது மட்டும் சிக்கலா? யூடிஎஃப்-8-சிக் (எஸ், ஐ, ஜி) என்று சேமியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியே ஆகவேண்டும்.

இன்னொன்று, நெத்திலி என்பதில் எத்தனை எழுத்து? நான்கு. பைத்தானைக் கேட்டால் 8 என்கிறது, ஏனென்றால் கொம்பு, புள்ளி, மேல்விலங்கு எல்லாமே ஒருங்குறியில் தனித்தனிக் குறிகள். ரசீதில் பத்தி நேராக நிற்காததற்கும், பெயரை வெட்டும்போது புள்ளி மட்டும் அநாதையாகத் தொங்குவதற்கும் இதுதான் காரணம். யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் கேட்டகரி கேட்டு, ஆங்கில 'எம்' எழுத்தில் தொடங்கும் வகைகளை விட்டுவிட்டு எண்ணினால் நான்கு வந்துவிடும்.

படி 5: 61 நாள் கணக்கு

மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள் மீதி என்று காட்டச் சொன்னார் மாமா. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், குழந்தைக்குக்கூடத் தெரியும். என் நிரல் 60 என்றது. கழித்தல் இடைவெளியைத்தான் சொல்லும், முதல் நாளையும் சேர்க்க 1 கூட்டவேண்டும். பைத்தானின் ரேஞ்ச் 1, 61 என்றாலும் 60லேயே நின்றுவிடும்.

ஜாவாஸ்கிரிப்டின் டேட்டுக்கு எண்களாகக் கொடுக்கும்போது மாதம் 0இல் தொடங்கும். ஏப்ரலுக்கு எண் 3, ஜூனுக்கு எண் 5. ஏப்ரலுக்கு 4 என்று கொடுத்து, தடையை மே 15இல் தொடங்கிவைத்தேன். அதைக் கேட்டு ஒரு மாதம் கூடுதலாகக் கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

படி 6: கைபேசியில் திறப்பது

கணினியில் லோக்கல்ஹோஸ்ட் என்று திறப்பதைக் கைபேசியில் தட்டினால் வராது. அந்தச் சொல்லுக்கு 'இதே கருவி' என்று பொருள். கைபேசி தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே வைஃபையில் இணையுங்கள். கணினியில் ஐபிகான்ஃபிக் தட்டி ஐபிவி4 எண்ணைப் பார்த்து, அதையும் முக்காற்புள்ளியையும் போர்ட் எண்ணையும் (லோக்கல்ஹோஸ்டுக்குப் பின்னால் வரும் எண்) கைபேசியில் தட்டுங்கள். பைத்தானில் வலைப்பக்கம் நடத்த உதவும் ஃபிளாஸ்க்கில் ஓட்டினால் ஹோஸ்ட் 0.0.0.0 என்று கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வெளியாளை உள்ளே விடாது. அப்போதும் வரவில்லையென்றால் விண்டோஸின் ஃபயர்வாலைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து இணையத்தில் ஏற்றிய பிறகு, மீன் படங்களில் ஒன்று மட்டும் வரவில்லை. என் கணினியில் வந்தது. கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது, நிரலில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. சர்வரில் இருந்தது லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். இப்போதெல்லாம் எல்லாக் கோப்புக்கும் சின்ன எழுத்தில்தான் பெயர் வைக்கிறேன். திருத்தி ஏற்றியும் பழையதே தெரிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கைபேசியில் என்றால் உலாவியின் சேமிப்பை அழித்துவிட்டுத் திறங்கள்.