பீட்டா எச்சிஜி அளவும் வாரக் கணக்கும் ஒத்துப்போகாதபோது

ஒரே ஒரு பீட்டா எச்சிஜி (இரத்தத்தில் பார்க்கும் கர்ப்ப ஹார்மோன்) எண்ணை வைத்துக் கர்ப்பம் எத்தனை வாரம் என்று கணிக்காதீர்கள். ஐந்தாம் வாரத்தில் ஒருவருக்கு 200, இன்னொருவருக்கு 3,000 இருப்பதும் இயல்புதான். 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். முதல் அளவு 1,500-க்குக் கீழே என்றால் குறைந்தது 49 சதவீதமாவது கூட வேண்டும். இரட்டிப்பாகவில்லையே என்று பதற வேண்டாம்.

வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து, 28 நாள் சுழற்சி என்ற அனுமானத்தில் போடப்படுகிறது. 35 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குக் கருமுட்டை ஏறக்குறைய 21-ஆம் நாளில்தான் வெளிவரும். ஸ்கேனில் கரு ஒரு வாரம் சின்னதாகத் தெரிவது அதனால்தான். ஒன்பது வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் 5 நாளுக்கு மேல் வேறுபட்டால், ஸ்கேன் தேதியே கணக்கு. கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால், ஒரு வாரமாவது கழித்து மறு ஸ்கேன் கேளுங்கள்.

ஒருபக்க வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கருக்குழாய்க் கர்ப்பமாக (கருப்பைக்கு வெளியே, குழாயில் கரு வளர்வது) இருக்கலாம். எச்சிஜி ஒழுங்காக ஏறினாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.